57 எல் ஷீட்டில் ஒரு கொட்டாய்

லீட்ஸ் நகரத்தில் வேலை பார்க்கும் என் அத்தை மகன் குடியிருப்பது நூறு வருஷத்துக்கு முந்தைய செங்கல் வீடு. ஒருநாள் வீடியோ காலில் கூப்பிட்டு, "மச்சான், 1921-ல இந்த வீட்டுல யார் யார் இருந்தாங்கன்னு கண்டுபிடிச்சிட்டேன்" என்றான். இங்கிலாந்தில் 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் படிவங்களை நூறு வருஷம் பூட்டி வைத்திருந்து 2022 ஜனவரியில் திறந்துவிட்டார்கள். கொஞ்சம் காசு கட்டினால், அந்த வீட்டுக்காரர் அன்றைக்குத் தன் கையால் நிரப்பிய தாளின் படமே வந்துவிடுகிறது. பெயர், வயது, பிறந்த ஊர், யாரிடம் என்ன வேலை, எல்லாம். சொல்லிவிட்டு அவன் கேட்டான்: "நம்ம பூட்டன் இருந்த வீட்டையும் இப்படிப் பார்த்துச் சொல்லேன். நீதான் அங்க இருக்கியே."

அங்கே என்றால் தர்மபுரியில். பூட்டன் இருந்தது பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் எங்கோ ஒரு கொட்டாயில். அந்த "எங்கோ"வுக்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அவன் கேட்டபடி நம் ஊரில் பார்க்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் "சென்சஸ் ரெக்கார்டுல தாத்தா பேர் இருக்குமா" என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். இருக்காது. கணக்கெடுக்க வந்தவர் வீடு வீடாகப் பெயர் எழுதியது உண்மை. ஆனால் கூட்டிக் கணக்குப் பார்த்து அட்டவணை போட்டதும் அந்தத் தாள்களுக்கு வேலை முடிந்துவிடும், அழித்துவிடுவார்கள். 1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, கணக்கெடுப்பு அதிகாரி எழுதிய எந்தப் பதிவேட்டையும் பார்க்க யாருக்கும் உரிமை கிடையாது. கோர்ட்டில் சாட்சியமாகவும் அதைக் காட்ட முடியாது. அமெரிக்காவில் 72 வருஷம் கழித்துத் திறக்கிறார்கள், இங்கிலாந்தில் நூறு. நம்மிடம் திறப்பதற்கு ஒன்றும் இல்லை. (இங்கிலாந்துக்காரர்களுக்கும் 1931 கிடைக்காது. அந்தப் படிவங்கள் 1942-ல் ஒரு தீ விபத்தில் மொத்தமாக எரிந்துபோயின. மச்சானிடம் இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.)

சரி, பெயர் இல்லாத கணக்கெடுப்பு எதற்கு உதவும்? எனக்கு அது பூட்டனைக் காட்டவில்லை, பூட்டனின் ஊரைக் காட்டியது. ஊர் கிடைத்ததும் வரைபடம் இடத்தைக் காட்டியது. ஆளைக் காட்டியது வேறு இரண்டு காகிதங்கள். அவற்றில் ஒன்று எங்கள் பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது.

முதலில் கையில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். எங்கள் ஆயா சொல்லிவிட்டுப் போன சில விஷயங்கள். வாசலில் நின்றால் ராயக்கோட்டை மலை தெரியும். சின்ன ரயில் போகிற சத்தம் கேட்கும். ஏரிக்கரை மேல் முனியப்பன். கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைப்பார்கள். கொட்டாய்க்கு எங்கள் பூட்டன் பெயர்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, "தாது வருசத்துப் பஞ்சத்துல அல்லாம் வுட்டுட்டு வந்துட்டாங்க." இந்தக் கடைசி வாக்கியத்தை எங்கள் குடும்பத்தில் சின்னக் குழந்தையும் சொல்லும். கல்யாணப் பேச்சில்கூட வரும்.

எங்கள் பக்கத்தைப் பார்க்காதவர்களுக்குக் கொட்டாய் பற்றி ஒரு வார்த்தை. ஊர் என்பது நத்தத்தில், அதாவது குடியிருப்புக்கென்று விட்ட மண்ணில், நெருக்கமாக இருக்கும். அது போக, விவசாயம் செய்கிறவர்கள் காட்டிலேயே, அவரவர் கிணற்றடியில் ஒரு கூரை போட்டுக்கொள்வார்கள். பக்கத்தில் தம்பி ஒன்று போடுவார், மகன் ஒன்று போடுவான். நாலைந்து கூரை சேர்ந்ததும் முதலில் வந்தவர் பெயரே அந்த இடத்தின் பெயராகிவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எந்தக் கிளைச் சாலையில் போனாலும் இன்னார் கொட்டாய், அன்னார் கொட்டாய் என்று பஸ் நிறுத்தங்கள் வரும். அதனால் இந்தப் பகுதியில் குடும்ப வரலாறு தேடுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு: முப்பாட்டன் பெயர் ஊர்ப்பெயராகவே நின்றுகொண்டிருக்கலாம். ஒரு தொந்தரவும் உண்டு. ஒரே பெயரில் பத்துக் கொட்டாய் இருக்கும். நாட்டில் எத்தனை முனியன், எத்தனை சின்னப்பன்!

கணக்கெடுப்பில் கொட்டாய்கள் வராது. அங்கே அலகு வருவாய் கிராமம். ஒரு வருவாய் கிராமத்துக்குள் ஏழெட்டுக் குக்கிராமங்கள் அடங்கியிருக்கும், எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரியில் வரும். அந்த வரியைப் பிடிப்பதற்கே முதலில் மாவட்டம் தெரிய வேண்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தர்மபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2-ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி தர்மபுரியிலிருந்து பிரிந்தது. ஆகவே ராயக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றை 1951, 1961 புத்தகங்களில் சேலத்தில் தேட வேண்டும், 1971 முதல் 2001 வரை தர்மபுரியில், 2011-ல் கிருஷ்ணகிரியில். பாலக்கோட்டுப் பக்கம் என்றால் தர்மபுரியிலேயே நிற்கும். எங்கள் கொட்டாய் இரண்டுக்கும் நடுவில் இருந்ததால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருந்தது.

பழைய அறிக்கைகளை ஸ்கேன் செய்து கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்திலேயே போட்டிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிக்கைகள் முதற்கொண்டு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஊர்வாரியாகத் தேடுகிறவர்களுக்கு 1951-லிருந்து வந்த மாவட்டக் கையேடுகள்தான் பொக்கிஷம். தாலுகா தாலுகாவாக ஒவ்வொரு கிராமத்தின் பரப்பு, வீடுகள், ஆண், பெண், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று வரிசையாகப் போகும். 1951-ல் இன்னொன்றும் செய்தார்கள்: பிழைப்பை வைத்து மக்களை எட்டு வகையாகப் பிரித்தார்கள். சொந்த நிலத்தில் உழுகிறவர், பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர், கூலிக்குப் போகிறவர், நிலத்தை விட்டு வாரம் வாங்குகிறவர் என விவசாயத்தில் நாலு, விவசாயம் அல்லாததில் நாலு. ஒரு கிராமத்தின் வரியை ஓட்டிப் பார்த்தால் அந்த ஊரில் யார் கை ஓங்கியிருந்தது என்று ஊகித்துவிடலாம். பெயரே இல்லாத எண்கள்தான். ஆனாலும் நான் இந்தப் பக்கங்களைப் படித்துக்கொண்டு பல இரவுகள் தூங்காமல் இருந்திருக்கிறேன்.

ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டும் விதம் பற்றி ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். வெள்ளைக்காரன் காது எப்படிக் கேட்டதோ அப்படி எழுதினான். கிருஷ்ணகிரி பழைய காகிதங்களில் கிஸ்ட்னகெர்ரி, ராயக்கோட்டை ராயகொட்டா. கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் பகுதி என்பதால் ஒரே ஊர் ஒரு புத்தகத்தில் "பள்ளி" என்றும் இன்னொன்றில் "அள்ளி", "ஹள்ளி" என்றும் முடியும். தேடுபொறியை நம்பாமல் தாலுகாப் பட்டியலை விரலால் ஓட்டிப் படித்தால்தான் கிடைக்கும்.

வரைபடத்துக்கு வருவோம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

சர்வே ஆஃப் இந்தியா நாடு முழுவதையும் எண் போட்ட கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. நாலு பாகை அகலம், நாலு பாகை உயரம் உள்ள பெரிய கட்டம் ஒன்றுக்கு 57 என்று எண். அதைப் பதினாறாக வெட்டி ஆங்கில எழுத்து வைப்பார்கள். 57 எல் என்பது அகலாங்கு 12 முதல் 13, நெட்டாங்கு 78 முதல் 79. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், பாலக்கோடு, தர்மபுரி எல்லாம் இதற்குள். ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் பென்னாகரமும் இடது பக்கத்து 57 எச்-இல். 57 எல்-ஐ மறுபடி பதினாறாக வெட்டினால் வருவதுதான் ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் என்று வரைந்த பழைய ஷீட். பாலக்கோடு மூன்றாவது ஷீட். ராயக்கோட்டை மலை இரண்டாவது ஷீட்டின் கீழ் விளிம்பில். தேடுகிற இடம் எப்போதும் இரண்டு ஷீட் ஒட்டும் இடத்தில்தான் வரும் என்பது இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும்.

ஒரு அங்குல ஷீட்டுகள் கைக்குச் சுலபமாகக் கிடைப்பதில்லை. ஆரம்பிக்கிறவர்கள் அமெரிக்க ராணுவம் 1950களில் வெளியிட்ட யு502 வரிசையில் ஆரம்பிக்கலாம். ஒன்றுக்கு இரண்டரை லட்சம் என்ற அளவு. டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில் முழு இந்தியாவுக்கும் இருக்கிறது. கொட்டாய் தெரியாது, ஆனால் ஏரியும் பாதையும் தெரியும். இன்றைய ஐம்பதாயிர அளவு ஷீட்டுகளை சர்வே ஆஃப் இந்தியாவே பதிவு செய்துகொள்பவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

பழைய ஷீட் ஒன்று கிடைத்ததும் அது எந்தக் காலத்து நிலத்தைக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் அச்சிட்ட வருஷம் ஒன்று இருக்கும், அளந்த வருஷம் இன்னொன்று இருக்கும். இரண்டுக்கும் இருபது முப்பது வருஷம்கூட இடைவெளி வரலாம். ஓரம் கிழிந்த ஷீட் என்றால் நிலத்தையே கேட்க வேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் அதற்கு நல்ல சாட்சிகள் உண்டு. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-லும், மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-லும் குறும்பாதை ரயில் வந்தது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுபோகப் பாதை வேண்டும் என்று போட்டவை. தர்மபுரிப் பாதை 1913-ல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1941-ல் இந்தப் பாதையை மூடிவிட்டார்கள். ஆகவே ஓசூர் வரை அந்தக் குறும்பாதைக் கோடு இருந்தால் ஷீட் 1913-க்குப் பிந்தியது, 1941-க்கு முந்தைய நிலத்தைக் காட்டுவது. காவிரிப் பக்கத்து ஷீட்டில் மேட்டூர் நீர்த்தேக்கம் விரிந்து கிடந்தால் 1934-க்குப் பிறகு. கிருஷ்ணகிரிக்குத் தெற்கே தென்பெண்ணை வெறும் ஆறாக ஓடினால் கே.ஆர்.பி. அணைக்கு முன்னால், அதாவது 1950களின் கடைசிக்கு முன்னால்.

ஆயாவின் சின்ன ரயில் இப்போது புரிந்திருக்கும். இன்றைக்கு ஓடும் அகலப்பாதையை அவர் சொல்லவில்லை. அவருடைய மாமியார் கேட்ட சத்தம் குறும்பாதை வண்டியினுடையது. அப்படியானால் 1913-க்குப் பிறகும் குடும்பம் கொட்டாயில் இருந்திருக்கிறது!

தாது வருஷம் 1876-77. குடும்பக் கதையில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் உதைத்தது.

தாது வருஷப் பஞ்சத்தை நான் குறைத்துப் பேசவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், திருப்பத்தூர் எல்லாம் சேர்ந்திருந்த அன்றைய சேலம் ஜில்லாவில் 1871 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 19.7 லட்சம் பேர். 1881-ல் 16 லட்சம். பத்து வருஷத்தில் கூடியிருக்க வேண்டிய இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. செத்தவர்கள் எத்தனை, தேசாந்திரம் போனவர்கள் எத்தனை என்று அட்டவணை பிரித்துச் சொல்லாது. சென்னை மாகாணத்தின் 1871 கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். மாகாணத்தின் சுகாதார ஆணையர். ஆறு வருஷம் கழித்து, பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று இந்திய அரசு அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தபோது, அதில் ஆள் பிழைக்காது என்று எழுத்தில் சண்டை போட்டவரும் இதே கார்னிஷ்தான். எண்ணியவருக்குத்தான் ஒவ்வொரு எண்ணும் ஆள் என்று தெரிந்திருந்தது போல.

எங்கள் குடும்பம் அந்தப் பஞ்சத்தில் அடிபட்டிருக்கும், சந்தேகமில்லை. ஒரு கிளை அதற்கப்புறம் கோலார் தங்கவயலுக்குப் போனது என்றும் சொல்வார்கள். 1880களில் அங்கே சுரங்க வேலை சூடு பிடித்தபோது இந்தப் பக்கத்திலிருந்து ஜனம் ஜனமாகப் போனது உண்மை. ஆனால் கொட்டாயைக் காலி செய்தது அப்போது அல்ல.

இதை உறுதியாக்கியது மொய் நோட்டு. எங்கள் பெரியப்பா எதையும் தூக்கிப் போடாத மனிதர். 1960களின் தொடக்கத்தில் நடந்த பெரிய அத்தை கல்யாணத்து மொய் நோட்டை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். மஞ்சள் தடவிய அட்டை, கரையான் தின்ற ஓரம். ஊர்வாரியாக எழுதியிருந்தார்கள்: ஊர், ஆள், தகப்பன் பெயர், ரூபாய். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், சில இடங்களில் "அரிசி படி" என்று. எங்கள் பூட்டன் பெயரிட்ட கொட்டாய் அதில் ஒரு தனி ஊராகவே இருந்தது. கீழே நாலு தலைக்கட்டு. பக்கத்தில் "பங்காளி" என்று குறிப்பு. அதாவது நாங்கள் போன பிறகும், சின்ன ரயில் நின்ற பிறகும், அங்கே அடுப்பு எரிந்திருக்கிறது.

இங்கிலாந்துக்காரனுக்கு நூறு வருஷம் கழித்துக் கிடைக்கும் தாளுக்குச் சமமான ஒன்று நம்மிடம் உண்டென்றால் அது மொய் நோட்டுதான் என்று நான் நினைக்கிறேன். அடுத்தபடியாகக் கோயில் வரி நோட்டு. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடும்போது ஊரில் ஒரு வீடு விடாமல் எழுதுவார்கள், வரி கொடுக்காதவன் பெயரைக் கட்டாயம் எழுதுவார்கள். சர்க்கார் பெயரை அழித்துவிட்டு எண்ணை வைத்துக்கொண்டது. இவர்கள் பெயரை வைத்துக்கொண்டார்கள். குலதெய்வக் கோயிலுக்கு வருஷா வருஷம் எங்கிருந்தெல்லாம் பங்காளிகள் வருகிறார்கள் என்று விசாரித்தாலே பாதிக் கிளைகள் தெரிந்துவிடும். என்ன, இவற்றை எந்த ஆவணக் காப்பகமும் பாதுகாப்பதில்லை. வீடு வெள்ளையடிக்கும்போது குப்பைக்குப் போகின்றன.

பெரியப்பாவிடம் கேட்டேன். "அப்போ நம்ம ஆளுங்க எப்பத்தான் வந்தாங்க பெரியப்பா?"

"தாது வருசம்னுதான் சொல்லுவாங்க."

"மொய் நோட்டுல பங்காளிங்க இருக்காங்களே."

"அவங்க இருந்திருப்பாங்கடா. நாம வந்துட்டோம்."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. சரி, காகிதத்தையே கேட்போம் என்று பத்திரப்பதிவு அலுவலகம் போனேன். நான் போனபோது வில்லங்கம் ஆன்லைனில் 1975-லிருந்துதான் பார்க்க முடிந்தது. அதற்கு முந்தையதற்கு மனுப் போட்டு, கட்டணம் கட்டி, பழைய அட்டவணைகளைப் புரட்டச் சொல்ல வேண்டியிருந்தது. பதிவுச் சட்டப்படி உள்ள நாலு அட்டவணையில் நிலம் தேட உதவுவது இரண்டு. ஒன்று ஆள் பெயர்படி, மற்றது சொத்துப்படி. வருஷம் தெரியாதவனுக்கு ஆள் பெயர் அட்டவணைதான் கதி. தேடிக் கொடுத்த ஊழியர் பொறுமைசாலி. "எங்க வீட்டுக் கதையையும் இப்படித் தேடணும் சார்" என்று சொல்லிக்கொண்டே புரட்டினார்.

கிடைத்தது ஒரு கிரையப் பத்திரம். 1930களின் நடுவில் எழுதியது. பூட்டனின் மகன், அதாவது எங்கள் பாட்டன், "குடும்ப அவசரக் கடனுக்காக" தன் பாகத்தை ஒரு செட்டியாருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கொட்டாய் வீடு, கிணறு, கவலை, புளியமரம் உள்பட. கீழே செக்குபந்தி: கிழக்கில் ஏரிக்கரை, மேற்கில் வண்டிப்பாதை, தெற்கில் இன்னார் புஞ்சை, வடக்கில் சகோதரர் பாகம். சர்வே எண்ணும் இருந்தது.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பது தெரிந்ததுதான். 1929-க்குப் பிறகு உலகம் முழுக்க விலை சரிந்தபோது இங்கே கேழ்வரகுக்கும் கடலைக்கும் விலை இல்லை. வாங்கிய கடன் மட்டும் அப்படியே நின்றது, வட்டி ஏறியது, தீர்வை, அதாவது நிலவரி, குறையவில்லை. 1937-ல் சென்னை மாகாணப் பிரதமராக வந்த ராஜாஜி அடுத்த வருஷமே விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து பழைய வட்டிகளை வெட்டினார். அவர் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கம். எங்கள் கொட்டாயிலிருந்து ஒருநாள் வண்டிப்பயணம்தான். சட்டம் வருவதற்குள் எங்கள் பாட்டன் கைநாட்டு வைத்துவிட்டார்.

இப்போது தாது வருஷக் கதை எப்படி வந்தது என்று விளங்கியது. பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தோம் என்று சொல்லலாம், அதில் மரியாதைக் குறைவு இல்லை, ஊரே வந்தது. கடனுக்கு நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம் என்று சொல்ல முடியாது, அதுவும் தம்பிமார் அங்கேயே நின்று விவசாயம் பார்த்துக்கொண்டிருக்கும்போது. யாரோ ஒரு கிழவி, அநேகமாக என் ஆயாவின் மாமியார், இரண்டு தலைமுறைக்கு முந்தைய பஞ்சத்தை எடுத்து வந்து இந்த இடத்தில் வைத்துவிட்டார். பொய் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் குடும்பம் பஞ்சத்தையும் பார்த்ததுதானே.

சர்வே எண் கிடைத்துவிட்டால் மீதி சுலபம் என்று நினைப்பீர்கள். பாதிதான் சுலபம். தமிழ்நாட்டில் 1979-லிருந்து 1987 வரை யு.டி.ஆர். என்று நிலப்பதிவுகளை மறுபடி ஒழுங்குபடுத்தினார்கள். ஏக்கர், சென்ட் எல்லாம் ஹெக்டேர், ஏர் ஆனது, உட்பிரிவுகள் மாறின. ஊரின் நிலங்களை எண்வாரியாகப் பட்டியலிடும் "அ" பதிவேட்டில் பழைய எண்ணுக்கு ஒரு பத்தி, புது எண்ணுக்கு ஒரு பத்தி உண்டு, அங்கே பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரு சர்வே எண்ணின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தை அரசின் இணையச் சேவைத் தளத்திலேயே எடுக்கலாம். கிராம வரைபடத்தின் பழைய பிரதி வேண்டுமென்றால் சென்னை சேப்பாக்கம் சர்வே ஹவுஸ். பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை 1980 நவம்பரில் ஒழித்தபோது சில ஊர்களில் பழைய கட்டுகள் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன என்று கிராம உதவியாளர்கள் சொல்வார்கள். அந்த வீடுகளுக்கும் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவதில் தப்பில்லை.

ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். ஊருக்குள், நத்தத்தில் இருந்த வீடு என்றால் எனக்குக் கிடைத்திருக்காது. நத்தத்துக்குத் தீர்வை கிடையாது. தீர்வை இல்லாத மண்ணில் யார் குடியிருந்தார் என்பது வருவாய்த் துறைக்குத் தேவைப்படவில்லை. கிராம வரைபடத்தில் நத்தம் முழுவதும் ஒரே எண்ணாகக் கிடக்கும். வீடு வீடாக அளந்து நத்தம் பட்டா கொடுக்க ஆரம்பித்தது 1980களின் கடைசியில்தான். ஊரை விட்டுத் தள்ளிக் காட்டில் குடியிருந்ததால்தான் எங்கள் பூட்டன் காகிதத்தில் சிக்கினார்.

பழைய ஷீட்டை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தினேன். பொருத்துவதற்கு நகராத புள்ளிகள் வேண்டும். மலை உச்சியில் முக்கோணக் குறி போட்ட அளவைப் புள்ளி, ஏரிக்கரை மூலை, பழைய கோயில் இவை நல்லவை. ஓடையையும் பாதைத் திருப்பத்தையும் நம்பக்கூடாது. அன்றைய அளவைக்கு எடுத்துக்கொண்ட பூமி உருவமும் இன்றைய ஜி.பி.எஸ். எடுத்துக்கொள்ளும் உருவமும் வேறு என்பதால் பாகைக் கோட்டை மட்டும் வைத்துப் பொருத்தினால் இடம் தள்ளிப்போகும். ஏரிக்கரைக்கு மேற்கே, வண்டிப்பாதையை ஒட்டி நாலு கறுப்புப் புள்ளிகள். பக்கத்தில் பூட்டன் பெயரும் "கோட்டை"யும். ஆங்கில எழுத்தில் கொட்டாயும் கோட்டையும் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன. எங்கள் பூட்டனுக்குக் கோட்டை கட்டிக் கொடுத்த பெருமை சர்வே ஆஃப் இந்தியாவைச் சேரும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது அங்கே தக்காளி. ஓரத்தில் மாமரங்கள். வரைபடத்தை விரித்ததும் வரப்பில் நின்றவர் முகம் மாறிவிட்டது. எட்டுவழிச் சாலைக்கும் எரிவாயுக் குழாய்க்கும் நிலம் அளக்க வந்தவர்களைப் பார்த்த மாவட்டங்கள் இவை. காகிதத்தோடு காட்டில் நிற்கிறவனை யாரும் நல்லவனாக நினைப்பதில்லை. பெரியப்பா முன்னால் போய்க் குலதெய்வத்தின் பெயரையும் கொட்டாயின் பெயரையும் சொன்னார். "அட, நீங்க அந்த வகையறாவா? வாங்க, மோர் குடிங்க" என்றார் அந்த மனிதர். செட்டியார் குடும்பத்திடமிருந்து அவருடைய தாத்தா வாங்கிய நிலம். கிணறு தூர்ந்து போயிருந்தது, கவலைக் கல் ஒன்று மட்டும் மேட்டில் கிடந்தது. முனியப்பனுக்கு இப்போது சிமெண்ட் மேடை, டைல்ஸ். அங்கே நின்று வடக்கே பார்த்தேன். மலை தெரிந்தது. கடைசியாகப் போன பங்காளிக் குடும்பம் எண்பதுகளில் கிணறு வறண்டதும் ஓசூர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாக அவரே சொன்னார், போன் நம்பரும் கொடுத்தார்.

பெரியப்பா திரும்பி வரும்போது கடன் பத்திரம் பற்றிப் பேசினார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சொல்லக்கூடாது என்று அவர் அப்பா சொல்லியிருந்தாராம்.

இந்த விஷயம் சொந்தக்காரர்கள் மத்தியில் பரவியதும் தூரத்துப் பங்காளி ஒருவர் போன் செய்தார். "தம்பி, அந்த இடத்துல நமக்கு ஏதாச்சும் பங்கு வருமா?" வராது அண்ணே. முறையாக எழுதிக் கொடுத்து, பதிவாகி, இரண்டு கை மாறிவிட்டது. தேடுகிறவர்கள் இந்தக் கேள்விக்குத் தயாராக இருந்துகொள்ளுங்கள், கட்டாயம் வரும். தேடி எடுத்த பத்திர எண்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாமல் இருப்பதும் நல்லது.

மச்சானுக்கு ஷீட்டின் படத்தையும் மொய் நோட்டுப் பக்கத்தையும் அனுப்பினேன். அவன் மொய் நோட்டில்தான் லயித்துப்போனான். அதில் அவனுடைய அப்பா வீட்டு முறைமொய் வந்திருந்தது.

இவ்வளவும் நிலம் இருந்த கிளைக்குத்தான். அப்பா வழியில் ஐந்து தலைமுறை ஆண்கள் பெயர் என்னிடம் இப்போது இருக்கிறது. அவர்களின் மனைவிமார் பெயர் ஒன்றுகூட எந்தப் பதிவேட்டிலும் வரவில்லை. ஆயா சொன்னதை வைத்து இரண்டு தலைமுறைக்கு எழுதியிருக்கிறேன். அம்மா வழியில் நிலமே கிடையாது. கம்பைநல்லூர்ப் பக்கம் கூலிக்கு உழுதவர்கள், நத்தத்துக்கும் வெளியே குடியிருந்தவர்கள். சிட்டா, அடங்கல், "அ" பதிவேடு, கிரையப் பத்திரம் என்று நான் மேலே சொன்ன எதிலும் அவர்கள் வரமாட்டார்கள். 1951 கையேட்டில் கூலி விவசாயிகள் என்ற பத்தியில் ஒரு எண்ணுக்குள் இருக்கிறார்கள். பழைய மணியக்காரர்கள் எழுதிய பிறப்பு இறப்புப் பதிவேடு கிடைத்தால் தாயின் பெயர் வரலாம் என்று தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்கு அறிவித்திருக்கிறார்கள், இந்த முறை செல்போனில் எழுதுவார்களாம். வீட்டுக்கு வருகிறவரிடம் சொல்வதை அப்படியே ஒரு நோட்டிலும் எழுதி வைக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவின் ஊர் மாரியம்மன் கோயில் வரி நோட்டு ஒன்று, நாற்பது வருஷத்துக் கணக்கோடு, பழைய தர்மகர்த்தாவிடம் இருப்பதாகத் தகவல். அவர் இப்போது பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறார். பண்டிகைக்கு ஊருக்கு வருவார் என்கிறார்கள். ஸ்கேனரை எடுத்துக்கொண்டு போகவா, போனிலேயே படம் பிடித்தால் போதுமா என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். போனே போதும், வெயில் நேராக விழாத இடமாகப் பார்த்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.